ஆறு ஜிஸோவும் ஐந்து தொப்பிகளும்: ஒரே கதையை வைத்துக் குழந்தைகளுக்கு ஜப்பானைக் காட்ட ஒரு முழு வழிகாட்டி

குழந்தைகளுக்கு ஜப்பானைப் பற்றிச் சொல்லித்தர நினைத்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஒரு சனிக்கிழமை, வெள்ளைத் தாளில் சிவப்பு வட்டம் போட்டு ஒரு கொடி, ஒரு காகித விசிறி, நிஞ்ஜா முகமூடி, சுஷி படம், முடிந்தது. நானும் முதல் வருடம் அப்படித்தான் செய்தேன். அடுத்த வாரம் கேட்டுப் பார்த்தால் பிள்ளைகளுக்குக் கொடி மட்டும்தான் நினைவில் இருந்தது. அந்த ஊரில் மனிதர்கள் வாழ்கிறார்கள், அவர்களுக்கும் பசி, குளிர், ஒரு தாத்தா, ஒரு பாட்டி எல்லாம் உண்டு என்பது யார் மனதிலும் ஏறவில்லை.

அப்புறம் முறையை மாற்றிக்கொண்டேன். ஒரே ஒரு கதை, ஐந்து வாரம், வாரத்துக்கு ஒரு மணி நேரம். கதைக்குள் வரும் பொருள்களை ஒவ்வொன்றாகக் கையால் செய்து பார்க்க வேண்டும், கடைசியில் அந்தக் கதையை ஜப்பானியத் தெருக் கதைசொல்லிகள் சொன்ன விதத்திலேயே பிள்ளைகளே நிகழ்த்த வேண்டும். 5 முதல் 8 வயது வரை இது அருமையாக வேலை செய்கிறது. வீட்டில் ஒரே ஒரு குழந்தையை வைத்துக்கொண்டும் செய்யலாம், வகுப்பிலும் செய்யலாம்.

நான் எடுத்துக்கொள்வது ‘கசா ஜிஸோ’ என்ற நாட்டுப்புறக் கதை. கசா என்றால் தலையில் போடும் கூம்புத் தொப்பி, ஜிஸோ என்றால் வழியோரத்தில் கற்சிலையாக நிற்கும் ஒரு பௌத்தக் காவலர். ஆண்டின் கடைசி நாளில் நடக்கும் கதை என்பதால் டிசம்பர் முதல் வாரம் தொடங்கினால் சரியாக இருக்கும். மார்கழிக் குளிரில் காலையில் போர்வைக்குள் சுருண்டு கிடந்த பிள்ளைக்குக் குளிரைப் பற்றிச் சொல்லும் கதை இன்னும் நன்றாகப் புரிகிறது.

முதலில் கதை

ஒரு மலைக் கிராமத்தில் ஏழைத் தாத்தா, பாட்டி. மறுநாள் புத்தாண்டு, வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லை. இருவரும் உட்கார்ந்து ஐந்து தொப்பி பின்னுகிறார்கள். தாத்தா அதைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போகிறார். பண்டிகைக்கு முந்தின நாள் யார் தொப்பி வாங்குவார்கள்? ஒன்றுகூட விற்கவில்லை. திரும்பி வரும் வழியில் பனி கொட்டுகிறது. ஊருக்கு வெளியே வரிசையாக ஆறு ஜிஸோ கற்சிலைகள், தலையிலும் தோளிலும் பனி குவிய நிற்கின்றன. தாத்தா பனியைத் தட்டிவிட்டு ஒவ்வொரு சிலைக்கும் ஒரு தொப்பி போட்டுக் கட்டுகிறார். ஆறாவது சிலைக்குத் தொப்பி இல்லை. தன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அதற்குக் கட்டிவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறார். பாட்டி, ‘நல்ல காரியம் செய்தாய்’ என்று சொல்கிறாள். இருவரும் வெந்நீர் குடித்துவிட்டுப் படுக்கிறார்கள். நடுராத்திரி வெளியே எதையோ இழுத்துவரும் சத்தம். கதவைத் திறந்தால் வாசலில் அரிசியும், மோச்சி என்ற புத்தாண்டு அரிசிப் பலகாரமும், காய்கறியும் குவிந்து கிடக்கின்றன, தூரத்தில் ஆறு உருவங்கள் பனியில் திரும்பி நடக்கின்றன. ஐந்தின் தலையில் தொப்பி, ஒன்றின் தலையில் துண்டு.

ஊருக்கு ஊர் இது கொஞ்சம் மாறும். நீங்களும் உங்கள் வாயில் வருகிற மாதிரி சொல்லலாம். பாட்டி திட்டாமல் இருக்கும் இடத்தை மட்டும் அவசரமாகக் கடந்து போகாதீர்கள். என்னைக் கேட்டால் கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பிள்ளைகள் எல்லாரும் ‘ஐயோ, பாட்டி இப்போ திட்டப் போறாங்க’ என்று காத்திருப்பார்கள்.

நீங்கள் தெரிந்துகொண்டு போக வேண்டியது

ஜிஸோ யார் என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். பௌத்தத்தில் க்ஷிதிகர்ப்பர் என்று சமஸ்கிருதப் பெயர் கொண்ட போதிசத்துவர், அதாவது மற்ற உயிர்களைக் கரையேற்ற நினைக்கும் அருளாளர், இந்தியாவிலிருந்து சீனா வழியாக ஜப்பானுக்குப் போனவர். அங்கே வழிப்போக்கர்களையும் குழந்தைகளையும் காப்பவராக அவரைக் கருதுகிறார்கள். மொட்டைத் தலை, மூடிய கண், சின்னச் சிரிப்பு, சாலை சந்திப்பிலும் ஊர் எல்லையிலும் நிற்பார், மக்கள் அவருக்குச் சிவப்புத் துணியில் குழந்தைக்குக் கட்டுவது போன்ற மார்புத் துணியும் குல்லாவும் போட்டுவிடுவார்கள். ஆறு சிலைகள் ஏன் என்றால், உயிர்கள் ஆறு உலகங்களில் மாறி மாறிப் பிறக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜிஸோ என்ற நம்பிக்கை.

‘நம்ம அரச மரத்துப் பிள்ளையார் மாதிரி வழியில் உட்கார்ந்திருப்பாரா?’ என்று ஒரு குழந்தை கேட்டால், ஆமாம், அவரைப் போலவே தெருவில் எல்லாரும் பார்க்கிற இடத்தில் இருப்பார் என்று சொல்லுங்கள். ஆனால் ‘ஜிஸோதான் ஜப்பான் பிள்ளையார்’ என்று சொல்லிவிடாதீர்கள், அது தவறு. இன்னொன்று, இது பெரியவர்களுக்கு மட்டும்: இறந்துபோன குழந்தைகளைக் காப்பவரும் ஜிஸோதான் என்பதால், பிள்ளையை இழந்த பெற்றோர் அந்தச் சிலைகளுக்குத் துணி கட்டுவதும் பொம்மை வைப்பதும் உண்டு. சின்னப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் சிலைக்குக் கண்ணாடி மாட்டிச் சிரிப்புக் காட்டும் கைவேலையாக இதை ஆக்கக் கூடாது என்பதற்கு இந்தக் காரணம் போதும்.

முதல் வாரம்: காதால் கேட்பது

படம் எதுவும் காட்டாமல் கதையை மட்டும் சொல்லுங்கள். ஜப்பானியக் கதைகள் ‘முகாஷி முகாஷி’ என்று தொடங்கும். நம் ‘முன்னொரு காலத்திலே’தான் அது. முடிவில் ‘மெதெதாஷி மெதெதாஷி’, அதாவது எல்லாம் நல்லபடியாக முடிந்தது. இந்த இரண்டையும் பிள்ளைகளையே கூட்டமாகச் சொல்ல வைத்தால் அடுத்த வாரம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ‘முகாஷி முகாஷி’ என்று கத்திக்கொண்டு வருவார்கள்.

தமிழ்க் குழந்தைகளுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. நம் சலசல, பளபள போன்ற இரட்டைக்கிளவிகள் ஜப்பானிய மொழியிலும் கொட்டிக் கிடக்கின்றன. நட்சத்திரம் ‘கிரா கிரா’ என்று மின்னும், நாய் ‘வான் வான்’ என்று குரைக்கும். பனி விழுவதற்கு ‘ஷின் ஷின்’ என்று ஒரு சொல் உண்டு. பனி விழும்போது சத்தமே வராது, அந்த நிசப்தத்துக்குத்தான் அந்தச் சொல். இதைச் சொல்லிவிட்டு எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி, நீங்கள் மட்டும் மெதுவாக ‘ஷின்... ஷின்...’ என்று சொல்லிப் பாருங்கள். சத்தம் இல்லாததற்கு ஒரு சத்தம் எப்படி இருக்க முடியும் என்று ஏழு வயதுக்காரர்கள் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஜிஸோக்கள் கனமாக நடந்து வரும்போது ‘ஜுஷின் ஜுஷின்’. தரையை உதைத்துக்கொண்டே சொல்ல வேண்டும்.

எழுத்துத் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் இதையும் காட்டலாம்: ஜப்பானிய எழுத்து வரிசை அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று போகும். நம் நெடுங்கணக்கின் சாயல் அப்படியே தெரிகிறதல்லவா? பௌத்தத் துறவிகள் சமஸ்கிருத எழுத்தைப் படித்த வழியாக வந்த ஒழுங்கு அது. பலகையில் இரண்டையும் மேலும் கீழுமாக எழுதிப் போட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள், அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

இரண்டாம் வாரம்: தொப்பியும் களிமண்ணும்

கசா தொப்பியைக் கோரை, வைக்கோல், மூங்கில் இவற்றால் பின்னுவார்கள். கோரை என்றதும் ஒரு கோரைப்பாயைக் கொண்டுவந்து விரித்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பின்னலின் மேல் விரலை ஓட்டச் சொல்லுங்கள். மழைக்குச் சாக்கை மடித்துக் கொங்காணி போட்டுக்கொண்டு வயலுக்குப் போன தாத்தா பாட்டி யார் வீட்டிலாவது இருந்தால் அவர்களையே வந்து பேசச் சொல்லலாம்.

தொப்பி செய்வது எளிது. பழுப்புக் காகிதத்தில், புத்தகத்துக்கு அட்டை போடும் அதே காகிதம்தான், 40 சென்டிமீட்டர் விட்டத்துக்கு ஒரு வட்டம் வெட்டுங்கள். ஓரத்திலிருந்து நடுப்புள்ளி வரை ஒரே வெட்டு. வெட்டின இரண்டு ஓரத்தையும் ஒரு கை அகலம் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால் தட்டையான கூம்பு வந்துவிடும். கூராக வந்தால் பிறந்தநாள் தொப்பி போல ஆகிவிடும், கவனம். ஒட்டுவதற்கு முன்பே மெழுகு வண்ணத்தால் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னல் கோடு போடச் சொல்லுங்கள். தாடைக்கு ஒரு நாடா. ஐந்து தொப்பிதான் செய்ய வேண்டும், ஆறு பிள்ளைகள் இருந்தாலும் ஐந்துதான். ஆறாவது ஆளுக்கு என்ன செய்வது என்று அவர்களே பேசி முடிவு செய்யட்டும்.

களிமண்ணில் ஜிஸோ: உள்ளங்கைக்குள் அடங்கும் உருண்டை ஒன்று, அதன்மேல் சின்ன உருண்டை ஒன்று. கழுத்தை மெல்லியதாக்கினால் காயும்போது தலை விழுந்துவிடும், ஆகவே சேரும் இடத்தில் ஈரவிரலால் நன்றாக இழைத்துவிடுங்கள். முகத்துக்கு ஈர்க்குச்சியால் மூன்று கோடு: இரண்டு மூடிய கண், ஒரு வாய். நிழலில் இரண்டு மூன்று நாள் காய வேண்டும், வெயிலில் வைத்தால் வெடிக்கும். காய்ந்தபின் தையல்காரரிடம் வாங்கிய சிவப்பு வெட்டுத்துணியை மார்பில் கட்டுவது பிள்ளைகளுக்கு மிகப் பிடித்த வேலை.

மோச்சி பற்றியும் அன்றைக்கே பேசிவிடலாம். ஒட்டும் தன்மையுள்ள அரிசியை வேகவைத்து, மர உரலில் போட்டு, மரச் சம்மட்டியால் ஒருவர் குத்த இன்னொருவர் இடையில் கைவிட்டுப் புரட்டித் தள்ள, இருவரும் தாளம் தவறாமல் செய்வார்கள். நிலாவில் முயல் தெரிகிறது என்று நம் ஊரில் சொல்வது போலவே அங்கேயும் சொல்வார்கள், அங்கே அந்த முயல் மோச்சி குத்திக்கொண்டிருக்கும். பிள்ளைகளை இருவர் இருவராக நிற்கவைத்து, வெறுங்கையால் குத்தும் தாளத்தை மட்டும் நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உண்மையான மோச்சியைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். தொண்டையில் ஒட்டிக்கொண்டு மூச்சடைக்கும், ஜப்பானிலேயே ஒவ்வொரு புத்தாண்டுக்கும் இதற்காக எச்சரிக்கை விடுகிறார்கள்.

மூன்றாம் வாரம்: பனியை வரையாமல் விடுவது

பனியையே பார்க்காத பிள்ளைகள் பனியை எப்படி வரைவார்கள்? நீலத்தில் சொட்டுச் சொட்டாக மழை மாதிரி. இங்கேதான் ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே (1797–1858) கைகொடுக்கிறார். எதோவிலிருந்து, அதாவது இன்றைய டோக்கியோவிலிருந்து, கியோட்டோ வரை போன தோகைதோ பெருவழியின் 53 தங்கல்களை அவர் மரஅச்சுப் படங்களாக்கினார், 1830களில் வெளிவந்தவை. அதில் ‘கம்பாரா’ என்ற ஊரின் இரவுப் பனிப் படத்தைப் பெரிதாக அச்செடுத்துக்கொள்ளுங்கள். ஹோகுசாய் என்ற இன்னொரு ஜப்பானிய ஓவியரின் பேரலைப் படத்தைத்தான் எல்லாரும் காட்டுகிறார்கள், அதுவும் மகத்தானதுதான், ஆனால் இந்தக் கதைக்கு கம்பாராதான் பொருத்தம். மூன்று பேர், முதுகு வளைந்து, ஒருவர் பாதி மூடிய குடைக்குள், மற்ற இருவர் தொப்பியும் வைக்கோல் மேலாடையுமாக எதிர்த்திசையில் நடக்கிறார்கள். யாருடைய முகமும் சரியாகத் தெரியாது. கம்பாரா இன்றைய ஷிசுஒகா பகுதியில் இருக்கிறது, அங்கே பனி விழுவதே அபூர்வம். ஓவியர் மனதில் விழுந்த பனி அது.

படத்தை வைத்துவிட்டு இரண்டு நிமிடம் பேசாமல் பார்க்கவிடுங்கள். பிறகு கேளுங்கள்: இங்கே என்ன சத்தம் கேட்கும்? யாராவது ஒரு பிள்ளை ‘ஷின் ஷின்’ என்று சொல்லிவிடும். அடுத்தது, பனிக்கு எந்த வண்ணம் பூசியிருக்கிறார்? உற்றுப் பார்த்தால் தெரியும், பனி கிடக்கும் இடங்களில் பெரும்பாலும் மை படவே இல்லை, வெறும் தாள்.

இதையே செய்யவைக்க இரண்டு வழி. சின்னவர்களுக்கு: தாளில் வெள்ளை மெழுகுவத்தியை அழுத்தித் தேய்த்துக் கூரையும் மலையும் வரையச் சொல்லுங்கள், ஒன்றுமே தெரியாது. அதன்மேல் தண்ணீர் கலந்த சாம்பல்நீல வண்ணத்தைப் பூசினால் மெழுகு பட்ட இடமெல்லாம் வெள்ளையாக மேலே வரும். அந்த நொடியில் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு: பென்சிலால் மெல்லிய கோடு போட்டுவிட்டு, பனி தவிர மற்ற இடத்தை மட்டும் பூசச் சொல்லுங்கள். இது கடினம், கை தானாகவே வெற்றிடத்தை நிரப்பப் போகும். ‘விட்டுவிடு, அது பனி’ என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் பழைய பல்துலக்கியை வெள்ளை போஸ்டர் வண்ணத்தில் தொட்டு விரலால் உதறினால் பனித்துகள்.

காகிதம் மடிக்கும் கலையான ஒரிகாமியையும் சேர்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். சேர்க்கலாம், ஆனால் ஆறு வயதுக்குக் கீழே கொக்கு மடிக்கச் சொல்லாதீர்கள், பாதியில் அழுகையில் முடியும். 15 சென்டிமீட்டர் சதுரத் தாளில் நாய் முகம், மீன் போதும்.

நான்காம், ஐந்தாம் வாரம்: காமிஷிபாய்

காமி என்றால் காகிதம், ஷிபாய் என்றால் நாடகம். 1930 வாக்கில் டோக்கியோ தெருக்களில் பரவிய கலை இது. பொருளாதாரம் படுத்து வேலை இல்லாமல் போன பலர் மிதிவண்டியின் பின்னால் ஒரு சின்ன மர மேடையைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போனார்கள். இரண்டு மரக்கட்டைகளைத் தட்டுவார்கள், பிள்ளைகள் ஓடிவருவார்கள், மிட்டாய் விற்பார்கள், வாங்கினவர்களுக்கு முன்வரிசை. பிறகு படங்களை ஒவ்வொன்றாக உருவி உருவிக் கதை. 1953இல் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியபின் தெருக் காமிஷிபாய் மெல்ல மறைந்தது. தொலைக்காட்சியையே முதலில் ‘மின்சாரக் காமிஷிபாய்’ என்று அழைத்தார்கள். இன்றைக்கும் ஜப்பானில் பாலர் பள்ளிகளிலும் நூலகங்களிலும் காமிஷிபாய் உயிரோடு இருக்கிறது.

எட்டு அட்டை போதும். ஏ3 அளவு தடித்த தாள். நான் பிரித்துக்கொள்வது இப்படி: தொப்பி பின்னுவது, தாத்தா கிளம்புவது, சந்தை, பனியில் ஆறு ஜிஸோ, தொப்பி போடுவது, பாட்டி, இரவு, திறந்த கதவு. ஆளுக்கு ஒரு அட்டை கொடுத்தால் ஒவ்வொரு அட்டையிலும் தாத்தா வேறு வேறு ஆளாகத் தெரிவார், பார்ப்பவர்கள் குழம்புவார்கள். வரையத் தொடங்கும் முன்பே தாத்தாவுக்கு மூன்று அடையாளம் பேசி வைத்துக்கொள்ளுங்கள், நீலச் சட்டை, வெள்ளைத் துண்டு, வளைந்த முதுகு என்று. அதுபோலப் பாட்டிக்கும். ஜப்பானிய உடையான கிமோனோ வரைந்தால், போட்டிருப்பவரின் இடப்பக்கத் துணி மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. கண்ணைக் கோடாக இழுத்து ‘ஜப்பான்காரர்’ என்று காட்டும் பழக்கம் பிள்ளைகளுக்கு எங்கிருந்தோ வந்துவிடுகிறது, அதைத் தொடக்கத்திலேயே நிறுத்திவிடுங்கள். உங்கள் தாத்தாவை எப்படி வரைவாயோ அப்படி வரை என்றால் போதும்.

பின்வரிசைக்கும் தெரிய வேண்டும் என்பதால் உருவங்கள் பெரிதாக, கோடுகள் தடியாக, பொருள்கள் குறைவாக. அட்டையை உருவுவது பார்ப்பவர்களின் இடப்பக்கமாக, நாம் மேடைக்குப் பின்னால் நின்றால் நம் வலக்கைப் பக்கம். ஆகவே தாத்தா இடப்பக்கம் பார்த்து நடப்பதாக வரைந்தால், அட்டை நகரும்போது அவரே நடந்து போவது போல இருக்கும்.

எழுத்து எங்கே எழுதுவது என்பதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். முதல் படத்துக்கான வரிகளை எட்டாவது அட்டையின் முதுகில் எழுத வேண்டும். இரண்டாம் படத்துக்கானது முதல் அட்டையின் முதுகில், மூன்றாவதுக்கானது இரண்டாவதின் முதுகில். ஏனென்றால் உருவிய அட்டையைக் கட்டின் கடைசியில் செருகுகிறோம், அதன் முதுகுதான் நம் கண்ணுக்கு முன் வரும். மூலையில் எண் போட்டுவிடுங்கள், கீழே விழுந்து கலைந்தால் அடுக்க வேண்டும். வரிகளைப் பிள்ளைகள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், மூன்று நான்கு வரி, பெரும்பாலும் பேச்சு. ‘ரொம்பக் குளிருதா ஜிஸோ சாமி? இந்தா, போட்டுக்கோ’ என்று ஒரு பிள்ளை சொன்னால் அதைத் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள்.

மேடைக்கு ஓர் அட்டைப்பெட்டி. முன்பக்கம் படம் தெரியும் அளவுக்குச் சன்னல், பக்கவாட்டில் அட்டை உருவ ஒரு நீளப் பிளவு, முன்னால் இரண்டு கதவு. கட்டைக்கு தச்சரிடம் கேட்டால் ரீப்பர் துண்டு இரண்டு கொடுப்பார், சிராய் இல்லாமல் தேய்த்துக்கொள்ளுங்கள்.

நிகழ்த்தும்போது அட்டையை எப்படி உருவுகிறோம் என்பதுதான் கலை. சந்தையிலிருந்து பனிக்குப் போகும்போது மெதுவாக. ஏழாவது அட்டையை, அதாவது கரிய இரவில் ஒரே ஒரு வெளிச்சச் சன்னலை, ‘ஜுஷின் ஜுஷின்’ என்று சொல்லிக்கொண்டே பாதி வரை உருவி நிறுத்துங்கள். ஐந்து நொடி காத்திருங்கள். மீதியைச் சட்டென்று இழுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அதன்பின் வருவதை வெகுநாள் மறக்க மாட்டார்கள். முடிந்ததும் பார்வையாளர்கள் உட்பட எல்லாரும் சேர்ந்து ‘மெதெதாஷி மெதெதாஷி’, கதவை மூடி, கட்டை ஒரு தட்டு.

இன்னும் ஒரு நாள் ஒதுக்குங்கள்

இங்கே நிறுத்தினால் ஜப்பானில் எல்லாரும் கோரைத் தொப்பியோடு பனியில் நடப்பதாகப் பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். ஆகவே நிகழ்ச்சிக்குப் பிறகு ஒரு நாள் இன்றைய ஜப்பான். வடக்கே ஹொக்கைதோவில் பனி மலையாகக் குவியும், தெற்கே ஒகினாவாவில் கிட்டத்தட்டப் பனியே கிடையாது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் ராந்தொசெரு என்ற கெட்டியான முதுகுப் பையோடு போவார்கள், பள்ளிக்குள் வேறு செருப்பு, மதியச் சாப்பாட்டை முறைவைத்து அவர்களே பரிமாறுவார்கள், வகுப்பறையை அவர்களே துடைப்பார்கள். டோக்கியோவின் சுகாமோவில் முள்ளெடுக்கும் ஜிஸோ என்று பெயர் பெற்ற கோயிலுக்கு இன்றும் தாத்தா பாட்டிகள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். புத்தாண்டுக்கு முந்தின இரவு கோயில் மணியை 108 முறை அடிப்பார்கள். ஒரு பித்தளைத் தட்டும் கரண்டியும் இருந்தால் பிள்ளைகள் 108 வரை சளைக்காமல் எண்ணிக்கொண்டு அடிப்பார்கள், அண்டை வீட்டில் மட்டும் முன்பே சொல்லிவையுங்கள்.

அடுத்த கதைக்கு என்ன எடுக்கலாம்? ‘மொமொதாரோ’வை மே மாதத்துக்கு வையுங்கள், மே 5 ஜப்பானில் குழந்தைகள் தினம், கெண்டைமீன் கொடிகளும் செய்யலாம். பீச் பழத்துக்குள்ளிருந்து பிறந்த பையன் நாய், குரங்கு, மயில்கோழி மூன்றையும் கூட்டிக்கொண்டு அரக்கர் தீவுக்குப் போவான், அவற்றுக்கு அவன் கொடுக்கும் உருண்டை ‘கிபி’ தானியத்தில் செய்தது, அதாவது நம் பனிவரகு. நாட்டு மருந்துக் கடையிலோ சிறுதானியக் கடையிலோ பனிவரகு வாங்கி வெல்லம் சேர்த்து அந்த உருண்டையையே பிடித்துக் கொடுக்கலாம். போர்க் காலத்தில் இந்தக் கதையைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தினார்கள், ஆகவே ‘அரக்கர்கள் என்ன தப்பு செய்தார்கள்?’ என்று ஒரு பிள்ளை கேட்டால் தட்டிக்கழிக்காமல் உட்கார்ந்து பேசுங்கள். நன்றி மறவாத கொக்கின் கதை 7 வயதுக்கு மேல், அதில் பிரிவு இருக்கிறது. ‘கச்சிகச்சி மலை’யின் பழைய வடிவம் கொடூரமானது, அதை எடுக்காதீர்கள்.

காமிஷிபாய் அட்டைகளைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். நூல் சுற்றி ஒரு பழைய தலையணை உறையில் போட்டு வையுங்கள். அடுத்த டிசம்பரில் இதே பிள்ளைகள் வந்து புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவர்களே கதை சொல்வார்கள். களிமண் ஜிஸோக்களை எங்கள் பிள்ளைகள் மாடிப்படியில் வரிசையாக வைத்திருக்கிறார்கள், மழை வந்தால் யாராவது ஒருவர் ஓடிப்போய்த் தொப்பிகளைப் போட்டுவிட்டு வருகிறார்கள்.